எட்டு மீட்டர்

கம்பாலா தெரியுமா என்று கேட்டாள் மெர்ச்சண்டைசர் பெனிட்டா.
கர்நாடகாவுல எருமெ ஓட்டுவாங்களே, அதுங்களா என்றான் சென்னியப்பன்.
இல்லை. ஊர். உகாண்டாவில்.
அங்கிருந்து அரை நாள் வண்டியில் போனால் காடு,
காட்டுக்குள் சிம்பன்சி,
நடந்து போய்ப் பார்க்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பனியன்.
நாலாயிரத்து இருநூறு பீஸ்.
நெஞ்சில் முகம். முதுகில் விதிகள்.

முகத்துக்கு ஆறு ஸ்கிரீன்.
கருப்பு, கருப்பின் மேல் ஒரு கரும்பழுப்பு,
காதுக்குப் பனங்கற்கண்டு நிறம், உதட்டுக்கு வேறொன்று,
கண்ணுக்குத் தேன்,
கடைசியாகத் தேனுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி.
கடுகில் பாதி.
அது உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தால்
துணி நம்மைப் பார்க்கும்.
ஒரு மயிரிழை நகர்ந்தால்
நமக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்க்கும்.

மூன்று முறை சாம்பிள் திரும்பி வந்தது.
உதட்டில் சிவப்பு தூக்கலாம்.
‘நேர்ல பாத்தவனாட்டப் பேசறானுங்க.’
‘பாத்தவங்கதானுங்க.’
அதற்குப் பிறகு சென்னியப்பன் பேசவில்லை,
பழுப்பில் சொட்டுச் சொட்டாய் நீலம் விட்டான்.

எனக்கு முதுகு.
எழுத்து விட்டுப்போயிருக்கிறதா பார்ப்பது என் வேலை,
அர்த்தம் பார்ப்பது இல்லை. ஆனாலும் கேட்டேன்.
எட்டு மீட்டர் தள்ளி நில்.
ஒரு மணி நேரம்தான்.
எதிரே நின்று தின்னாதே. ஓடாதே.
தும்மல் வந்தால் திரும்பி நட.
‘ஏனுங்க, அத்தனை காசைக் கட்டி
சேத்துல அரை நாள் நடந்து போயி
ஒரு மணி நேரத்துல வந்துறோணுமா?’
‘நம்ம சளி அதுக்கு எமனுங்க, துளசிமணியக்கா.’

நைட் ஷிப்ட். க்யூரிங் மெஷின் வாயிலிருந்து
முகங்கள் சூடாக வந்துகொண்டே இருந்தன.
மணிக்கு முந்நூறு சிம்பன்சி.
டீ குடித்துக்கொண்டே பார்த்தேன், கை வைத்துப் பார்த்தேன்,
பஞ்சுத் தூசிக்கு நூறு தரம் தும்மினேன்.
அறுபத்தொன்று கழிந்தது.
ஒன்றுக்குக் கண் கன்னத்தில். ஒன்றுக்குக் கண்ணே இல்லை.
கிலோக் கணக்கில் காதர்பேட்டைக்குப் போயின.

ஆயுத பூஜை முடிந்த ஞாயிறு, யூனிட் வேன்,
ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி.
பதினேழாவதில் பாதிப் பேர் இறங்கி வாந்தி எடுத்தார்கள்,
மீதிப் பேர் எலுமிச்சையை மோந்துகொண்டு கிடந்தார்கள்.
வால்பாறைக்குச் சற்று முன்னால்
சிவப்புக் கொடியோடு ஒருவர் ரோட்டை மறித்தார்.
மேலே, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே
பழைய தீயணைப்புக் குழாயில் கட்டிய பாலம்.
அதன் மேல் சோலைமந்தி.
ஒன்று. பின்னால், வயிற்றில் குட்டி ஒட்டிய இன்னொன்று.
நரைத்த பிடரிக்குள் கரி முகம்,
வால் நுனியில் குஞ்சம்.

கொடிக்காரர் எங்கள் பக்கம் திரும்பினார்.
பட்டன் போடாத காக்கிச் சட்டைக்குள்
கண் கன்னத்தில் இறங்கிய சிம்பன்சி.
சென்னியப்பன் கத்தியே விட்டான்:
‘அக்கா, அறுபத்தொண்ணுல ஒண்ணு!’
‘மெதுவா’ என்றார் அவர். ‘தள்ளி நில்லுங்க.’
‘எட்டு மீட்டருங்களா?’
அவருக்கு விளங்கவில்லை.
தன் முதுகை யார் படித்திருக்கிறார்கள்?
‘அது திங்கறதெ நிறுத்தாத தூரம்’ என்றார்.
மயிலாத்தா முறுக்குப் பையை முந்தானைக்குள் தள்ளினாள்.

கடைசியாக வந்தது ஒரு கடுவன்.
பாலத்தின் நடுவே நின்று குனிந்தது.
கண்ணுக்குள் அந்தப் புள்ளி,
கடுகில் பாதி.
மனசுக்குள் ஸ்கிரீனை இறக்கிப் பார்த்தேன்.
மயிரிழை பிசகவில்லை.
ஆனாலும் அது பார்த்தது
எனக்குப் பின்னால் நின்ற பலாமரத்தை.

மூக்கு நமைத்தது.
திரும்பி நடந்தேன்.