பாதி விலை

காலை ஆறு மணிக்கு என் முதல் வேலை
வெண்ணெய்க்குப் பூட்டுப் போடுவது.
ஒவ்வொரு கட்டியையும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இறக்கி
மூடியை அழுத்தினால் ஒரு டக்.
முந்நூறு டக். அப்புறம் பாலாடைக்கட்டி.
காப்பித்தூள் புட்டிகளில் தூளே இல்லை,
வெறும் புட்டிகளை அடுக்குகிறோம்.
வேண்டும் என்பவர் கல்லாவுக்கு வந்து கேட்கட்டும்.
குழந்தைகளின் பால்மாவு என் முதுகுக்குப் பின்னால்,
சிகரெட்டுக்குப் பக்கத்தில்,
எட்டாத உயரத்தில் கட்டிய உறி மாதிரி.

சண்டர்லாந்தில் பிப்ரவரி.
கடலிலிருந்து வரும் காற்றுக்கு
எங்கள் கதவு தானாகவே திறந்து வழிவிடும்.

வியாழக்கிழமைகளில் அவன் வருவான், நீலப் பையோடு.
இறைச்சித் தட்டுக்கு முன்னால் நின்று
முழங்கையை மடக்கி ஒரே வாரு.
ஓடமாட்டான்.
என் சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் படித்து
"வரட்டுமா டெனிஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் போவான்.
காவலுக்கு நிற்கும் ஒசாரோ கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்.
தொடக்கூடாது, கம்பெனி விதி.
ஹெண்டன் கிளையில் தொட்டவருக்குப் பதினோரு தையல்,
தையல் பிரித்ததும் ஓர் எச்சரிக்கைக் கடிதம்.
போலீசுக்குச் சொன்னால் ஓர் எண் தருவார்கள்.
எண்களை நோட்டில் எழுதுகிறோம்.
இது மூன்றாவது நோட்டு.

கையும் களவுமாகப் பிடிபடுவது
மெதுவாக நடப்பவர்கள்தான்.
போன வாரம் ஒரு பெண்.
கோட்டுக்குள் ஒரு பாலாடைக்கட்டி,
குழந்தைக்கான காய்ச்சல் மருந்து.
ஒசாரோ கூப்பிட்டதும் நின்றுவிட்டாள்.
அவள் செய்த தப்பு அதுதான்.
பின்னறையில் துடைப்பங்களுக்கு நடுவே உட்கார்ந்து
தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள்,
யாரும் பிழையாக எழுதிவிடக் கூடாது என்பதுபோல.
மேனேஜர் கிரெய்க் படம் எடுத்தார்.
வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் இப்போது அவள் இருக்கிறாள்,
கண்ணை மூடிக்கொண்டு.
அடுத்த படத்தில் நீலப் பைக்காரன்.
கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான்.

ஊரே இதைத்தான் பேசுகிறது.
வானொலியில் ஒருவர் ஜெயில் என்கிறார்,
இன்னொருவர் பசி என்கிறார்,
நடுவில் சோபா விளம்பரம்.
"எங்கள் காலத்தில் வீட்டுக் கதவையே பூட்டியதில்லை"
என்கிறார் தானே பில் போடும் எந்திரத்தின் முன் நிற்பவர்,
அவகாடோவை வெங்காயம் என்று அமுக்கி
எடை போட்டபடி.
அப்படி எட்டு எந்திரங்கள், நான் ஒருத்தி.
எனக்குக் கண் போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

சனிக்கிழமை இரவு, பப்பில்,
கழிவறைக்குப் போகும் நடையில் அதே நீலப் பை.
ஆட்டுத்தொடை, பாதி விலை.
எனக்கு முன்னால் மூன்று பேர்.
அதில் ஒருவர் கவுன்சிலர்; போன மாதம்தான்
திருட்டை ஒழிப்போம் என்ற துண்டறிக்கையை
என் வீட்டுக் கதவில் செருகிவிட்டுப் போனார்.
"ஊழியர்களுக்குத் தள்ளுபடி உண்டா?" என்று கேட்டேன்.
அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.
என் கடையில் எனக்குப் பத்து சதவீதம்தான்.

ஞாயிறு மதியம், அடுப்பில் வைக்கும் முன்,
அதில் ஒட்டியிருந்த பாதுகாப்புச் சீட்டை உரித்தேன்.
மூலை கோணலாக இருந்தது.
கோணலாக ஒட்டுவது என் வழக்கம்.
குப்பைக்கூடை வழிந்துகொண்டிருந்ததால்
கதவில் தொங்கிய கோட்டின் பையில் போட்டேன்.
மகன் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

இன்று காலை ஆறுக்குப் பத்து நிமிடம்.
வாசலைத் தாண்டியதும்
எந்திரம் அலறியது.

தேநீர்க் கோப்பையோடு வந்த ஒசாரோ
தூணை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.
"இதுக்கு ஆளே தெரியறதில்ல. நீங்க போங்க டெனிஸ்."

சுவரில் அந்தப் பெண்
கண்ணைத் திறக்கவில்லை.

போனேன்.
கோட்டை மாட்டினேன். கையுறை போட்டேன்.
வெண்ணெய் வந்திருந்தது.

டக்.