முதல் கியர்

விவாகரத்துப் பத்திரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருந்தது.
வீடு எனக்கு.
படகு லாக்லனுக்கு.
நாய், அது இருக்கும்வரை, வாரம் மாறி வாரம்.
மஞ்சள் டட்சன் மட்டும்
எந்த வரியிலும் ஏறவில்லை.
வக்கீலின் மறதியோ, எங்கள் வீம்போ,
பதினோரு குளிர்காலம்
ஆப்பிள் கொட்டகையில் நின்றது,
காலிப் பெட்டிகளைக் கூரைமேல் சுமந்து.

இப்போது லான்செஸ்டனிலிருந்து ஒருவர் கேட்கிறார்.
ஓடினால் ஒரு விலை.
ஓடாவிட்டால் இரும்பு விலை.
அதனால்தான் சனிக்கிழமைகளில் லாக்லன் வருகிறான்,
தன் ஸ்பேனர்களோடு, தன் ஃபிளாஸ்க்கோடு.
என் வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொடுவதில்லை.

முதல் நாள் பெட்ரோலை வடித்தோம்.
செங்காவி நிறம், வார்னிஷ் நாற்றம்.
காற்று வடிகட்டிக்குள்
ஓர் எலி பிள்ளை பெற்று வளர்த்துப் போயிருந்தது.
மெத்தைக்கு, பயணி இருக்கையின் பஞ்சு.
அது என் இருக்கை.
"உன் பக்கம்தான் மெத்துன்னு இருந்திருக்கு,
எலிக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான்.
நான் சிரிக்கவில்லை.
இரவு பாத்திரம் கழுவும்போது
சிரித்துவிட்டேன்.

பிரேக் ஒரு மாதத்தைத் தின்றது.
இறுகிப்போன எஞ்சினுக்கு
ஆறு துளைகளிலும் எண்ணெய் ஊற்றி
ஒன்பது நாள் காத்திருந்தோம்.
நீண்ட ஸ்பேனரில் இருவரும் சேர்ந்து தொங்க
ஒரு விரற்கடை
நகர்ந்தது.
தகரத்தில் மழை.
அவன் மறுபடி, வேண்டுமென்றே,
அந்த ஒரு விரற்கடையைப் பின்னுக்குத் திருப்பினான்,
மெய்தானா என்று பார்க்க.

ஜூன் கடைசி. ஹுவான் ஆற்றின்மேல் பனிமூட்டம்.
சாவியைத் திருப்பினேன்.
இருமல். நீலப்புகை.
ஒரு சிலிண்டர், மூன்று, பிறகு ஆறும் கூடி
கொட்டகையின் ஆணிகளெல்லாம் அதிர்ந்தன.
கிளட்சை அழுத்திக் கியர் போட்டால்
பல்லைக் கடிக்கும் ஓசை.

லாக்லன் அடியில் படுத்தான், எழுந்தான்.
"கிளட்ச் தட்டு ஒட்டிக்கிச்சு.
இத்தனை வருஷமும் ஒண்ணை ஒண்ணு
அழுத்திக்கிட்டே நின்னிருக்கு இல்ல,
துரு பிடிச்சு ஒண்ணாயிடுச்சு."
கையைத் துடைத்தான்.
"ஓட்டித்தான் பிரிக்கணும்."
சொல்லிவிட்டுத் தன் பூட்ஸைப் பார்த்தான்.
நானும் அவன் பூட்ஸைப் பார்த்தேன்.

எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டுச்
சாவியைத் திருப்பினால்
எகிறிக் குதித்து வெளியே பாய்கிறது வண்டி.
நிறுத்த முடியாது.
நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து.
இடக்காலால் கிளட்சைத் தரையோடு மிதித்து
வலக்காலால் கொடுத்து, எடுத்து, கொடுத்து,
ஆப்பிள் வரிசைகளைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.
ஈரப்புல்லில் பின்சக்கரம் வழுக்குகிறது.
லாக்லன் முன்னால் ஓடி வேலிக்கதவைத் திறக்கிறான்,
ஐம்பத்தெட்டு வயதில்,
தொப்பி எங்கோ.
வாலபிகள் இரண்டு எழுந்து நின்று
இதென்ன கூத்து என்று பார்க்கின்றன.
நாலாவது சுற்றில் கதவைப் பிடித்துத் தொற்றி
பஞ்சில்லாத என் இருக்கையில் விழுந்தான்.
கம்பிச்சுருள் குத்தியிருக்கும்.
"இன்னும் கொடு" என்று கத்தினான்.
"கொடுத்துட்டுதான் இருக்கேன்" என்று கத்தினேன்.
எங்கள் கடைசிச் சண்டையிலும்
ஏறக்குறைய இதே சொற்கள்.

ஏழாவது சுற்று, கீவ்ஸ்டன் ஃபானி மரங்களின் முனை.

டக்.

அவ்வளவுதான். வாளியில் கூழாங்கல் விழுந்தமாதிரி.
எஞ்சின் தனியே பாட,
வண்டி தனியே உருண்டு,
மெல்ல, மெல்ல நின்றது.

மிதித்த காலை நான் எடுக்கவில்லை.
"எடு" என்றான். "இனிமே ஒட்டாது."
தெரியும்.
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.
முழங்கால் நடுங்கியது.

புதன்கிழமை லான்செஸ்டன்காரர் வந்தார்.
குனிந்தார், மோந்தார், எஞ்சினைக் கேட்டார்.
பயணி இருக்கைக்கு முந்நூறு டாலர் குறைத்தார்.
"என்ன ஆச்சு இந்தப் பக்கம்?"
"எலி" என்றேன்.
"ஆமா," என்றான் லாக்லன், "எலிதான்."