சுமையோடு அளப்பது

நீடாமங்கலம் கேட் தாண்டியதும் மஞ்சள் விளக்கு.
நாற்பதுக்கு மேல் ஏறவில்லை வண்டி.
முதுகில் குறுவை நெல்,
மேலே மேகம்.

"யூரியா பம்பு போச்சு, அறுபதாயிரம்னு
தஞ்சாவூர்ல சொன்னாங்க."
பக்கிரிசாமி இதை மூன்று தரம் சொன்னார்.
மூன்றாம் தரம் அறுபது அறுபத்தைந்தாகியிருந்தது.

ஸ்கேனர் ஓர் எண்ணைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.
சாக்கெட்டைக் கழற்றி அளந்தேன்:
ஐந்து வோல்ட், அப்பழுக்கில்லை.
மறுபடி மாட்டி, பின்பக்கமாய் ஊசி செருகினேன்:
மூன்று புள்ளி ஒன்று.
சும்மா இருக்கும்போது எந்தக் கம்பியும் யோக்கியம்தான்.

எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டே
டேங்குக்கு அடியில் ஊர்ந்தேன்.
கிளாம்பு அருகே டேப்பைப் பிரித்தால்
வெள்ளையாய் உப்பு, அதற்குள்
இற்றுப்போன செம்பு.

வயலில் விழுந்தால் நாற்றைப் பச்சையாக்கும் யூரியா
இங்கே கசிந்து
செம்பைப் பச்சையாக்கியிருக்கிறது.

வெட்டி, சுரண்டி, ஈயம் வைத்து மூடினேன்.
கசிந்த ஓஸுக்குப் புது வளையம்.
"நானூற்றைம்பது."

அறுபதாயிரத்தை நம்பிய முகம்
நானூற்றைம்பதை நம்பவில்லை.
"விளக்கு இன்னும் எரியுதே?"

"மூணு தடவை ஸ்டார்ட் பண்ணி ஓட்டுங்க, அணையும்."

இரண்டாவது ஸ்டார்ட்டில்
கேட்டை மூடிவிட்டார்கள்.