அயன்

தைலம்மையின் கிரயப் பத்திரத்தில்
சொத்து விவரம் வந்ததும்
தட்டச்சுப் பையன் நின்றுவிட்டான்.
"அயன் நஞ்சைன்னா என்னக்கா?
இஸ்திரி போட்ட வயலா?"

மன்னார்குடி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில்
பத்தொன்பது வருஷமாக எழுதுகிறேன்.
அயன் நஞ்சை, அயன் புஞ்சை.
மூலப்பத்திரத்தில் இருந்தது,
அதன் மூலத்திலும் இருந்தது.
பிழையென்றாலும் பிசகாமல்
பார்த்தெழுதுவது எங்கள் தொழில்.
ஒரு நாளும் நின்றதில்லை.

அகராதியைப் பிரித்தால்
முதலில் பிரமன் நிற்கிறான்.
அவனுக்கு எந்தக் கிராமத்திலும் புல எண் இல்லை.
கீழே, பொடி எழுத்தில்,
"முழுத் தீர்வையையும் நேரே சர்க்காருக்குக் கட்டும்"
என்று பாதியில் நின்று
ஒரு பெயருக்காகக் காத்திருக்கிறது.

கோயில் மானியமில்லை,
சத்திரத்து இனாமில்லை,
யாருடைய தர்மத்திலும் விளையாத மண்.
தனியாக நிற்கத் தெரியாத சொல்.
அயன் மாடு கிடையாது.
அயன் மருமகள் கிடையாது.
நஞ்சை என்றால் முன்னால் வந்து உட்காரும்.
மனை என்று வகை மாறிய அன்றைக்கு
சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விடும்.

கணினிப் படிவத்தில் இதற்குக் கட்டமில்லை.
நஞ்சை, புஞ்சை, மனை, இதர.
"அடிச்சிரட்டுமாக்கா?"
பையனின் விரல் அழிக்கும் விசைமேல்.

வாங்குகிறவர் காஜா நஜ்முதீன், கூத்தாநல்லூர்,
குவைத்தில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பர்.
விசிறிக் காற்றில் முத்திரைத்தாள் பறக்காமல்
முழங்கையால் அழுத்திக்கொண்டு சொன்னார்:
"அய்ன். அரபியில கண்ணு.
தண்ணி ஊறுற கண்ணையும் அப்படித்தான் சொல்லுவாங்க.
அசல்னும் வரும்.
அதுதானா இதுன்னு எனக்குத் தெரியாது."

அதுவரை பேசாத தைலம்மை
புடவைத் தலைப்பை உதறினாள்.
"கண்ணா?
எங்க மதகுக்கு நாலு கண்ணு.
மூணு, மேல வாய்க்காலுக்கு.
எங்களுக்கு ஓரக்கண்ணு.
ஆறு எங்களை அதாலதான் பாக்கும்,
பாத்தும் பாக்காத மாதிரி.
குறுவைக்குத் தெறக்கமாட்டாங்க.
சம்பாவுக்குத் தெறந்தா
ஆகாயத்தாமரை வந்து அடைச்சுக்கும்."

உரச்சாக்கை வெட்டித் தைத்த பையிலிருந்து
மேசைமேல் கொட்டினாள்
தீர்வை ரசீதுகளை.
பசலி ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது முதல்
நேற்று வரைக்கும்.
வஜா ஆன வருஷம் போக
ஒன்றும் குறையவில்லை.
கர்ணம் போய் கிராம நிர்வாக அலுவலர் வந்து
அவரும் ஏழெட்டுப் பேர் மாறி,
ஒவ்வொரு கிறுக்கலிலும்
அயன் என்பது மட்டும்
யார் வாசித்தாலும் விளங்குகிறது.

"நெலத்தக் குடுத்துட்டா
இந்த அயன் யாருக்குப் போவும்?"

சட்டப்படி சொன்னேன்:
நிலத்தோடு போகும்.

கொஞ்ச நேரம் ரசீதுகளை
வருஷ வரிசையில் அடுக்கினாள்.
"அப்ப இதெல்லாம் தரமாட்டேன்."
மூலப்பத்திரம் போதும் என்றார் காஜா பாய்,
அவரும் ரசீதுகளைப் பார்த்துக்கொண்டே.

பையனை விரலை எடுக்கச் சொன்னேன்.
கட்டத்தில்தான் இடமில்லை,
சொத்து விவரத்தில் இருக்கிறது.
எழுதினோம்:

மன்னார்குடி வட்டம், நெம்மேலிக்குடி கிராமம்,
புல எண் 112/3, அயன் நஞ்சை,
வாய்க்காலுக்குத் தெற்கு,
சிங்காரவேல் வகையறா நிலத்துக்கு மேற்கு,
இதற்குள்பட்ட இரண்டு மா
மாமூல் பாசனப் பாத்தியம் சகிதம்.

பாசனப் பாத்தியம் என்ற இடத்தில்
பையன் என்னைப் பார்த்தான்.
தட்டு, என்றேன்.

உள்ளே, சார்பதிவாளர்
பெயர் கேட்டார், தொகை கேட்டார்,
பணம் வந்ததா என்று கேட்டார்.
அந்தச் சொல்லை யாரும் கேட்கவில்லை.
இடது பெருவிரலை
ஈரத்துணியில் துடைத்து வைக்கச் சொன்னார்கள்.

பிறகு புகைப்படம்.
சின்னக் காமிராவுக்கு நேரே
நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"கண்ணை மூடிட்டீங்கம்மா.
இன்னொரு தடவை."