பதினான்காம் எண் வண்டி

கதாநாயகனின் கார் வேறெங்கோ தயாராகிறது.
பனி பெய்யும் ஏதோ ஒரு நகரத்தில் நாற்பது பேர்
அதன் கதவில் வழுக்கும் வெளிச்சத்தை மட்டும்
மூன்று மாதமாய் மெருகேற்றுகிறார்கள்.

ரெட்டியார்பாளையத்தில், டைல்ஸ் கடை மாடியில்,
எங்களுக்கு வந்தவை பின்னணி வண்டிகள்.
மொத்தம் இருபத்திரண்டு.
ஒன்றுக்கு ஆயிரத்து இருநூறு முக்கோணம்,
அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது.
ஓடக் கூடாது. கண்ணை இழுக்கக் கூடாது.
ஆனால் யாராவது தொட்டால்
ஏதாவது ஒன்று செய்யவேண்டும்.
ஒன்றே ஒன்று.

ஐஸ் பெட்டி கட்டிய டிவிஎஸ்ஸுக்கு ஸ்டாண்டு சாய்கிறது.
தண்ணீர் லாரிக்குக் குழாய் சொட்டுகிறது.
வாடகை சைக்கிளுக்கு மணி.
மற்றதைத் தேடி, சாப்பிட்ட கை ஈரம் காயுமுன்
போனோடு தெருவில் இறங்கினேன்.

நெல்லித்தோப்பு மார்க்கெட் எதிரே
ஒரு டெம்போ.
பச்சைக்கடியில் மஞ்சள், மஞ்சளுக்கடியில்
யாரோ தோற்ற தேர்தலின் பாதிச் சின்னம்.
துருவை மட்டும் பதினோரு படம் எடுத்தேன்.

"ஆர்டிஓவாம்மா?"
இல்லைங்க, கேமுக்கு. கம்ப்யூட்டர் கேம்.
"அதுல ஓட்டலாமா?"
முடியாது. சும்மா நிக்கும்.
"ஆள் ஏறலாமா?"
முடியாது.
"சும்மா நின்னா எனக்கு
நாளுக்கு எழுநூறு போவுது.
உங்களுக்குக் காசு வருதா?"

சவரிராயலு என்று பெயர் சொன்னார்.
நம்பர் பிளேட் பக்கம் போனதும்
குறுக்கே வந்து நின்றுகொண்டார்.
"அது வேணாம். மூணு ட்யூ பாக்கி.
ஃபைனான்ஸ்காரனும் கேம் ஆடுவான் இல்ல?"

ஹாரன் ஒருதடவை அடிங்க, பதிவு பண்ணிக்கிறேன்.
"ஹாரன் போயி ரெண்டு வருஷம்."
வெளியே கையை நீட்டி
தகரத்தில் உள்ளங்கையால் அறைந்தார்.
தட்.
ஒரு புறா, ஒரு ஸ்கூட்டி,
கீரைக்கட்டோடு ஒருத்தி, எல்லோரும் விலகினார்கள்.
"ஒண்ணு தட்டினா நில்லு. ரெண்டு தட்டினா போ.
இதுகூடத் தெரியாம
என்னா வண்டி செய்யறீங்க?"

அன்றிரவு ஹாரனை நீக்கிவிட்டு
அந்த அறையை வைத்தேன்.
காலையில் மடல் வந்திருந்தது:
பதினான்காம் எண் வண்டியில் ஹாரன் பழுது.
ஆமாம், பழுதுதான், என்று பதில் போட்டேன்,
அப்படித்தான் வடிவமைப்பு.

பிறகு யாரிடமும் சொல்லாமல்
இன்னொரு வரி சேர்த்தேன்.
இரண்டாவது தட்டு
முக்கால் நொடிக்குள் விழுந்தால்
வண்டி ஒரு குலுங்கு குலுங்கி
நாலடி நகரும்.
நாலே அடி.

மெஹருன்னிசா கடலூர் முதுநகரிலிருந்து பஸ்ஸில் வருபவள்.
ஒரு நாளைக்கு நானூறு கதவைத்
திறந்து மூடிப் பார்ப்பது அவள் வேலை.
சுவருக்குள் கை நுழைகிறதா,
நிழல் தரையைவிட்டு மிதக்கிறதா,
லாரிமேல் ஏறிக் குதித்தால்
பூமிக்குள் விழுகிறோமா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்
ஹெட்போனைக் கழற்றாமல், என் பக்கம் திரும்பாமல்
சொன்னாள்: "உன் பதினாலு நகருது."
நான் டீ டம்ளரின் அடியை
ரொம்ப நேரம் ஆராய்ந்தேன்.

தட் தட்.
நாலடி.
தட் தட்.
மார்க்கெட்டைத் தாண்டி, சிக்னலைத் தாண்டி,
ஓடக் கூடாத வண்டியை அறைந்து அறைந்து
ஊர் முழுக்கக் கூட்டிப்போனாள்.
கதாநாயகனைத் தேடும் போலீஸ் ஜீப்புகள்
பின்னால் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன.
ஏழு பத்து பஸ்ஸையும் விட்டுவிட்டாள்.
எட்டு மணிக்குக் கடல் தெரிந்தது.

அறிக்கையில் வண்டி நகர்வதைப் பற்றி
ஒரு சொல் இல்லை.
ஒரே ஒரு குறை எழுதியிருந்தாள்:
எண் பதினான்கு, முன்சக்கரம்
கடற்கரை மணலில் இரண்டங்குலம் புதைகிறது.
சரிசெய்யவும்.

திங்கட்கிழமை
பனி பெய்யும் ஊரிலிருந்து கேட்கிறார்கள்:
மார்க்கெட்டில் நிறுத்திய வண்டி
மணலுக்கு எப்படி வந்தது?

அவள் என்னைப் பார்க்கிறாள்.
நான் மேசைமேல் விரலால்,
மெதுவாக, ஒரே ஒரு தட்டு.