எண்பத்தேழில் ஒன்று

பகலில் பல் செய்கிறேன்.
புரசைவாக்கத்து லேபில் பீங்கான் பொடியைக் குழைத்து
முகம் தெரியாத ஒருவரின் மேல்வரிசைக்கு
ஈறோரம் கொஞ்சம் மஞ்சள்,
இரு பல்லின் இடுக்கில் டீக்கறையின் நிழல்.
வெறும் வெள்ளையில் சுட்டால்
வாய் திறந்ததும் தெரிந்துவிடும்.

இரவில் அதே தூரிகை.
சேத்துப்பட்டு, இரண்டாவது மாடி,
முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளும்
ஓர் அடர்நீல ஸ்லீப்பர் பெட்டி.
ஃபேனை நிறுத்தியாக வேண்டும்.
மே மாதம். மூக்கு நுனியில் வியர்வை.

நீரில் நாற்பது எண்ணும்வரை ஊறினால்
எழுத்து காகிதத்தை விட்டு நழுவும்.
இடுக்கியால் ஏந்தி, பெயர்ப்பலகையில் கிடத்தி,
அடியில் சிக்கிய காற்றை
ஈரப் பஞ்சால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு
லென்ஸைக் குனிந்து பார்த்தால்:
செனனை எழுமபூர – செஙகோடடை.

அச்சிட்டுத் தந்த திருவல்லிக்கேணிக் கடைக்காரர்
"அவ்ளோ சின்னதுல புள்ளி விழாது பாஸ்" என்றார்.
ஓலையில் எழுதியவர்களும்தான் வைக்கவில்லை,
கிழிந்துவிடும் என்று.
படிப்பவர்கள் போட்டுக்கொள்வார்கள் என்று
அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.
எனக்கு இல்லை.
பூச்சி ஊசியின் முனையை வெள்ளையில் தொட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டு
ன், ம், ர், ங்.
ஐந்தாவதற்குக் குனிந்தபோது
ழுவின் தலையில் ஏதோ ஒரு வெள்ளைப் புள்ளி.
நான் வைக்கவில்லை.
சென்னைத் தூசு.
அதை எடுக்க அரை மணி ஆனது.

மறுநாள் அழுக்கு.
சாக்பீஸ் பொடி, காய்ந்த காபி நிறம்,
சக்கரச் சட்டத்துக்கு பிரேக் துகளின் செம்பழுப்பு.
படிக்கட்டுக் கைப்பிடிக்கு நல்ல துரு.
அது எனக்கே பிடித்திருந்தது.

கீழ்வீட்டு தேவகிருபை
மோட்டார் போடச் சொல்ல வந்தவர், நின்றுவிட்டார்.
கோபாலசாமி நகர் யார்டில்
ஒப்பந்தக்காரரிடம் பெட்டி கழுவுகிறவர்.
அக்கறையோடு அல்ல, கணக்குப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
"கைப்பிடி துரு பிடிக்காது சார்.
நாள் பூரா ஆளு தொடுறாங்க, பளபளன்னு இருக்கும்."
பிறகு,
"ஜன்னல் கீழ எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வழிய விட்டிருக்கீங்க.
அப்படியா வாந்தி எடுப்பாங்க?
மூணு ஜன்னல் சுத்தமா இருக்கும், நாலாவதுல
பின்பக்கமா இழுத்துட்டுப் போயிருக்கும்.
வண்டி ஓடுதுல்ல."

வண்டி ஓடுகிறது.
அது எனக்குத் தோன்றவே இல்லை.
ஆறு வாரமாக நான் நிற்கிற பெட்டியை
அழுக்காக்கிக்கொண்டிருந்தேன்.

"இங்க கழுவினா வெள்ளையா ஒரு கோடு நிக்கும், போர் தண்ணி,"
என்று கட்டைவிரலால் காட்டப் போனவர்
தொட்டேவிட்டார்.
பொடி இன்னும் ஒட்டாத ஈரமற்ற நீலத்தில்
ஒரே இழுப்பு.
இரண்டு கூபே சுத்தமாகிவிட்டன.
"ஐயய்யோ."
விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு
"மோட்டார் மறந்துடாதீங்க" என்று இறங்கினார்.

கைப்பிடியின் துருவைச் சுரண்டி
பென்சில் முனையால் தேய்த்தேன்,
தொட்டுத் தொட்டுத் தேய்ந்ததுபோல் மின்னும்வரை.
வாந்தியைப் பின்பக்கம் இழுத்தேன், நாலாவது ஜன்னலில் மட்டும்.
அந்த இழுப்பை மூடப் பொடி எடுத்தவன்
லென்ஸில் பார்த்தேன்:
பெட்டிக்குக் குறுக்கே, வளைந்து வளைந்து,
ரேகை.

அதன் மேலேயே மங்கல் வார்னிஷ் அடித்தேன்.
காயும்வரை ஃபேன் போடக்கூடாது.
கீழே யாரோ காலி பக்கெட்டைத்
தட்டிக்கொண்டிருந்தார்கள்.