எந்தச் சார்லஸ்?

மியூஸ் ஆற்றங்கரைக் கன்னியர் மடத்தில்
மை உறைந்துபோகும் மாதம்.
மைக்கொம்பைக் கக்கத்தில் இடுக்கிச் சூடேற்றி
இறந்த அரசர்களைப் படியெடுக்கிறாள் ரோட்லிண்டிஸ்.

சார்லஸ். லூயி. சார்லஸ். கார்லொமன்.
லூயி. மறுபடியும் சார்லஸ்.
இன்னொரு சார்லஸ்.

பிராங்கு வம்சத்துக்குப் பெயர்ப் பஞ்சம்.
பாட்டன் கழற்றிப்போட்ட சட்டையை
உதறி உதறி மாட்டிக்கொள்கிறார்கள்,
அளவு சரியா என்றுகூடப் பார்க்காமல்.
முதலாமவர், இரண்டாமவர் என்று எண்ணிவைக்கும் புத்தி
இன்னும் யாருக்கும் வரவில்லை.

சிக்கல் விலாங்குமீனில் தொடங்கியது.
எவளோ ஒரு விதவை அரசி
ஆண்டுக்கு முந்நூறு விலாங்கு மானியம் விட்டிருக்கிறாள்,
தன் சார்லஸின் ஆன்மாவுக்கு
வெள்ளிதோறும் செபம் சொல்ல.
சாசனத்தில் எலி தின்ற இடத்தில்தான் இருந்தது
எந்தச் சார்லஸ் என்பது.
மீன் தவறாமல் வருகிறது.
செபம் எங்கே போய்ச் சேர்கிறது?

விசாரிக்கக் கிளம்பினாள்.
பேராயரிடம் போகவில்லை. எண்ணெய் பூசி முடிசூட்டுகிறவர்கள்
முகத்துக்கு நேரே பேசுகிறவர்கள்.
பட்டம் பீடத்தில் கிடைக்கும்;
பட்டப்பெயர் முதுகுக்குப் பின்னால்.

லாயக்காரன் வுல்ஃப்கார் சொன்னான்:
"ஒருத்தர் ஏறினால் குதிரை முனகும்.
ஏற்றிவிட மூன்று பேர்."
வரிக்கு மேலே பொடியெழுத்தில்: பருத்தவர்.

சலவைக்காரி அமல்பெர்கா சிரித்தாள்:
"தலையணை உறையில் ஒரு மயிர் இருக்காது,
அவ்வளவு சுத்தம்."
வழுக்கையர்.

சமையற்காரன் தயங்கினான்:
"முட்டைக்கு இரட்டை விலை சொன்னேன். நம்பிவிட்டார்.
வெட்கமாகிப் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன்."
மடையரா, சூதறியாதவரா?
லத்தீனில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும்.
நல்லவேளை.

கேட்காமலே பேசினான் கிழட்டு வாயிற்காவலன் எர்ம்போல்ட்:
"லூயி ஒருத்தர். தண்ணீர் என்று சொல்ல
அவர் முழுசாய் ஒரு பொழுது நின்றார்.
கையில் குவளையோடு நானும் நின்றேன்.
முன்கூட்டியே நீட்டியிருக்கலாம்.
நீட்டவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று."
அவள் திக்குவாயர் என்று எழுதினாள்.
எழுதியபின் சற்று நேரம் இறகைத் தொடவில்லை.

மிச்சம் ஒரு சார்லஸ்.
இங்கே வந்தாரா? வந்திருப்பார்.
உயரமா? நினைவில்லை.
கோபக்காரரா? அப்படியொன்றும் கேள்விப்படவில்லை.
அவர் நகர்ந்ததும் எவரும் கண்ணடித்துக்கொள்ளவில்லை,
எந்தப் பணிப்பெண்ணும் அவரைப்போல் நடந்துகாட்டவில்லை.
கட்டைவிரல் அகலத்துக்கு
வரிக்கு மேலே வெறுமையாய் விட்டாள்.

வெள்ளிக்கிழமை.
பருத்தவருக்காக, வழுக்கையருக்காக,
சூதறியாதவருக்காக என்று வாசித்துவந்த சகோதரி
அந்த இடத்தில் தொண்டையைச் செருமினாள்.
மடைப்பள்ளியில் விலாங்கு கொதிப்பது கேட்டது.

அவரை என்ன சொல்லி அழைத்தோம் என்று
அந்த விதவைக்குத் தெரிந்திருக்கும்.
சாசனத்திலும் சொல்லித்தான் எழுதவைத்திருப்பாள்.
எலி தின்றது அதைத்தான்.